அக்ராவின் காய்கறிப் பாத்திகளுக்கு எழுத்துமூல அனுமதி வழங்குங்கள்

அக்ரா மாநகர மன்றத்தினருக்கும் பெருநகரப் பகுதியின் பிற நகராட்சி மன்றத்தினருக்கும்,

வணக்கம்.

கானாவின் தலைநகரான அக்ராவில், ஜொர்வுலு பகுதியின் மின்கம்பிகளுக்கு அடியிலும், ரோமன் ரிட்ஜின் தாழ்நிலத்திலும், கோர்லே பூ பகுதியின் அரசு நிலத்திலும் காய்கறி பயிரிடுவோரின் பொருட்டு இம்மடலை எழுதுகிறேன். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வடக்கிலிருந்து வந்த ஆண்கள். பாத்திக்கு இவ்வளவு என்று அவர்களிடம் விலை பேசி, அறுத்துச் சந்தைக்குக் கொண்டு செல்வோரோ பெரும்பாலும் பெண்கள். லெட்யூஸும் வெங்காயத்தாளும் வெயிலில் நெடுந்தூரம் தாங்காதவை. குளிர்பதன வண்டிகள் அரிதாக உள்ள நிலையில், அவை நகருக்குள்ளேயே விளைவதால்தான் வாடாமல் கடைக்கு வந்து சேருகின்றன.

ஏழை வீடுகளில் லெட்யூஸ் உண்பதில்லையே, அதற்கும் குடும்பத்தின் உணவுக்கும் என்ன தொடர்பு என்று மன்றத்தில் யாரேனும் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அந்த இலை, அரிசியும் பயறும் சேர்த்துச் சமைக்கும் வாச்சே என்ற உணவை விற்கும் தெருவோரக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் போகிறது; ஆனால் அதை விற்ற பணம் சோளமாகவும் காரி என்னும் மரவள்ளிக்கிழங்கு மாவாகவும் மீனாகவும் பயிரிட்டவரின் வீட்டுக்குத் திரும்புகிறது. பக்கத்துப் பாத்தியில் விளையும் அலெஃபு என்னும் தண்டுக்கீரை இனமும், சணல் இனத்தைச் சேர்ந்த அயோயோவும் நேராகவே குழம்புச் சட்டிக்குப் போகின்றன. நகரத்து ஏழை உண்பதில் பெரும்பகுதியைக் காசு கொடுத்தே வாங்க வேண்டியவர். 2022 டிசம்பரில் கானாவின் பணவீக்கம் 54.1 விழுக்காட்டைத் தொட்டபோது, சில வாரங்களுக்கு ஒருமுறை அறுவடையாகி, வறண்ட மாதங்களிலும் கைக்குக் காசு தரும் ஒரு தொழில் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை நீங்கள் அறியாதவர்கள் அல்லர்.

இவ்வளவு இருந்தும், உங்கள் 1995ஆம் ஆண்டுத் துணைவிதி, சாக்கடை நீரையும் தெருவடிகால் வந்து கலக்கும் நீரையும் பயிருக்குப் பாய்ச்சக் கூடாது என்கிறது. அதன் பின்னுள்ள கவலையை நான் மறுக்கவில்லை. மலக்கிருமிகளும் புழு முட்டைகளும் சந்தைக் கீரைகளில் இருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டறிந்துள்ளனர். ஆயினும் பயிருக்கு நீர் மொள்ளும் ஓடையைக் கெடுத்தவர் பூவாளி பிடித்தவர் அல்லர். நகரின் பெரும்பாலான வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் இணைப்பே இல்லாததால், கழிவுநீர் ஓடைக்கு வருகிறது. குழாய்நீரை விலைக்கு வாங்கிப் பயிருக்கு ஊற்றப் பலராலும் இயலாது. மாநகரம் செய்யத் தவறியதற்குத் தண்டனையை விவசாயி ஏற்க வேண்டும் என்பது முறையன்று.

தடையைவிடப் பயன் தரும் வழி ஏற்கனவே இருக்கிறது. கழிவுநீரைப் பயிருக்குப் பயன்படுத்துவது பற்றிய உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சுத்திகரிப்பு நிலையம் ஒன்றையே நம்பியிராமல் வயல் முதல் சமையலறை வரை பல தடுப்புகளை அமைக்கலாம் என்கிறது; அவற்றுள் பலவும் அக்ராவிலும் கானாவின் மற்றொரு பெருநகரான குமாசியிலும் விவசாயிகளோடு சேர்ந்து சோதிக்கப்பட்டவை. வயலோரக் குட்டையில் நீரைத் தேக்கினால் புழு முட்டைகள் அடியில் படியும். அந்த வண்டலைக் கலக்காமல் மேல்நீரை மொள்ள வேண்டும். பூவாளியைத் தாழப் பிடித்தால் மண் இலைமேல் தெறிப்பது குறையும். கோழி எருவை நன்றாக மக்கவிட வேண்டும். அறுவடைக்குச் சில நாள் முன்பே நீர் ஊற்றுவதை நிறுத்தினால் கிருமிகள் குறையும். ஆனால் லெட்யூஸ் வாடி எடையும் குறையும் என்பதால், அந்த இழப்பை ஈடுகட்டும் விலைக்கு வாங்குவோரும் இசைந்த பிறகே அதிகாரிகள் இதை வற்புறுத்தலாம். உணவுக் கடைகளில் கீரையை வெறும் நீரில் அலசுவது போதாது என்பதையும் உங்கள் சுகாதார ஆய்வாளர்கள் கற்றுத்தர வேண்டும்.

நாளை வெளியேற்றப்படலாம் என்ற நிலத்தில் எவரும் குட்டை வெட்டமாட்டார். எனவே நீரைப் பற்றிப் பேசுவதற்கு முன் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். மின்பாதையின் கீழும் ஓடைக்கரையிலும் கட்டடம் எழுப்ப இயலாத, எழுப்பக் கூடாத நிலங்கள் எவை என வரையறுத்து, அவற்றில் இப்போது பயிரிடுவோருக்குச் சில ஆண்டுகளுக்கேனும் எழுத்துமூல அனுமதி வழங்குங்கள். 2015 ஜூன் 3ஆம் நாள் அக்ராவில் வெள்ளமும் தீயும் சேர்ந்து 150க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகும் நீர்வழிகளில் கட்டடங்கள் எழுந்துகொண்டே இருக்கின்றன. பாத்தி உள்ள கரையில் வெள்ளம் பரவ இடமாவது இருக்கும்.

இது புதுமையான கோரிக்கை அன்று. உகாண்டாவின் தலைநகர் கம்பாலா 2006இலேயே நகர வேளாண்மைக்கெனத் துணைச்சட்டம் இயற்றியது. கென்யாவின் நைரோபி மாவட்டம் 2015இல் சட்டம் கொண்டுவந்தது. கானா அரசே 1972இல் ‘உனக்கான உணவை நீயே விளைவி’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, நகர மக்களையும் பயிரிட அழைத்தது.

நவம்பரில் வறண்ட பருவம் தொடங்குமுன், துணைவிதியைத் திருத்துவதற்கான கூட்டத்தைக் கூட்டுங்கள். அக்கூட்டத்தில் வேளாண் துறை அலுவலர்களுடன், பயிரிடுவோரும் சந்தைப் பெண்களும் சம உரிமையோடு அமர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அக்ராவில் வாழும் தமிழர் ஒருவர்