பினாங்கிலிருந்து அக்காவுக்கு

பினாங்கு, மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்துவிட்டது என்று போன வாரம் சொன்னாள். ஊருக்கு வரும் ஒருவரிடம் நாலு பாட்டில் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

நீ அனுப்பிய குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன். பின்னால் கடாய் இரைச்சலும் "நாலு பஜ்ஜி கட்டுக்கா" என்ற குரலும் கேட்டது. வியாபார நேரத்தில்தான் பேசியிருக்கிறாய். நானும் பேசி அனுப்பினால் பாதியில் வண்டிக்கு ஆள் வந்துவிடும், அப்புறம் கேட்கலாம் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டு, ஓரிடத்தைத் தவிர. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நீ கேட்டது இரண்டு. நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்பது அம்மா கேட்கச் சொன்னது. உன் மகன் பெரியவனை இங்கே ஏதாவது சாப்பாட்டுக் கடையில் சேர்த்துவிட முடியுமா என்பது உன்னுடையது. முதலாவதுக்குப் பதில் நீளம். அதைப் படித்தால்தான் இரண்டாவதுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

அம்மாவிடம் சொல், பட்டினி கிடக்க நினைத்தாலும் இந்த ஊர் விடாது. பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து பேருந்து பிடித்து ஜார்ஜ் டவுனில் இறங்கும்போது ஏழரை ஆகிவிடும். அப்போதுதான் ஊர் அடுப்பு மூட்டுகிறது. சூலியா தெரு என்று ஒரு தெரு. கடல் தாண்டி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களை அந்தக் காலத்தில் சூலியா என்பார்களாம், அதனால் வந்த பெயர். சோழனின் பெயர்தான் தேய்ந்து சூலியா ஆயிற்று என்கிறார்கள். பகலில் அந்தத் தெருவில் நடந்தால் ஒன்றும் தெரியாது. பழைய இரண்டு மாடிக் கடைவீடுகள், மேலே மரச் சன்னல்கள், கீழே நடைபாதையே வீட்டுத் திண்ணை போல. 2008-இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த வீடுகளுக்காகவும் தெருக்களுக்காகவும்தான். சாயங்காலம் அந்தக் கடைகள் கதவைச் சாத்தியதும் வாசலில் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். விளக்கு, அடுப்பு, நாலு மடக்கு மேசை. அரை மணி நேரத்தில் தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கூடம்.

வந்த புதிதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு வண்டியில் ஒரு பண்டம்தான். நீ ஒருத்தியே இட்லி, ஆப்பம், பணியாரம், மூன்று விதப் பஜ்ஜி, மழைக்காலத்தில் சுண்டல் என்று அல்லாடுகிறாய். இங்கே நூடுல்ஸ் போடுகிறவர் நூடுல்ஸ் மட்டும்தான் போடுவார். அதுவும் ஒரே வகை. அப்பா போட்டது, தாத்தா போட்டது. கெங் குவீ என்ற சந்து முனையில் ஒரு செண்டோல் கடை 1936-லிருந்து இருக்கிறது. பச்சை நிறத்தில் அரிசிமாவுச் சேவை, தேங்காய்ப்பால், பனைவெல்லம் போன்ற ஒரு வெல்லத்தின் பாகு, சிவப்பு அவரை, மேலே துருவிய ஐஸ். நம் ஊர் ஜிகர்தண்டாவின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள். அதை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போக வரிசை நிற்கும்.

சரி, இந்தப் பத்தியை மட்டும் அம்மாவுக்குப் படிக்காதே. சார் குவே தியாவ் என்று ஒன்று. பட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், மட்டி, முளைப்பயறு, சீனப் பூண்டுத்தாள், முட்டை. சீனர் கடையில் எண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பு. ஆமாம், தின்றேன். முதல் தடவை தெரியாமல், இரண்டாம் தடவை தெரிந்தே. பெரிய இரும்புச் சட்டி, அடியில் தீ சீறும். எவ்வளவு கூட்டம் நின்றாலும் ஒரு தடவைக்கு ஒரு தட்டுக்குத்தான் போடுகிறார். சேர்த்துப் போட்டால் சட்டி சூடு இறங்கி, வறுபடாமல் வெந்துவிடுமாம். நுனி லேசாகக் கருகி ஒரு வாசனை வருமே, நீ தோசை சுடும்போது வருவது, அதே வாசனை. முக்கால் மணி நேரம் காத்திருந்து ஐந்து நிமிடத்தில் தின்று முடித்தேன். ஒரு தட்டு எட்டு, ஒன்பது வெள்ளி. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நம் பணத்தில் ஒரு வெள்ளி ஏறக்குறைய இருபது ரூபாய். நீயே பெருக்கிப் பார், மனசு கேட்காது.

இனி அம்மா கேட்கலாம். அவளுக்குப் பிடிக்கக்கூடியது அசாம் லக்சா. மீன் புளிக்குழம்பில் சேவையைப் போட்டுச் சாப்பிட்டால் எப்படி இருக்கும்? அதுதான். கானாங்கெளுத்தியை வேகவைத்து உதிர்த்து, புளியும் குடம்புளி மாதிரி காய்ந்த ஒரு புளிப்புக் காயும் போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா, வெங்காயம், இஞ்சி வகையில் ஒரு பூவின் மொட்டை நறுக்கியது. கடைசியில் ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. மீன்குழம்பில் அன்னாசியா என்று முகம் சுளிப்பாள், தெரியும். நானும் சுளித்தேன். இப்போது வாரம் ஒரு நாள் அது இல்லாமல் முடியவில்லை.

உட்கார்ந்து சாப்பிடும் முறையும் நமக்குப் புதிது. கோப்பிக்கடை ஒருவருடையது, உள்ளே நிற்கும் ஏழெட்டு ஒட்டுக்கடைகள் (வண்டிக்கடைகளை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) வேறு வேறு ஆட்களுடையவை. ஒட்டுக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மேசை எண்ணைக் காட்ட வேண்டும். அவர் கொண்டுவந்து வைத்ததும் காசு. குடிப்பதற்கு மட்டும் கோப்பிக்கடைக்காரரிடம் வாங்க வேண்டும், அதுதான் அவர் பிழைப்பு. இது தெரியாமல் முதல் நாள் தண்ணீர் பாட்டிலோடு போய் உட்கார்ந்து ஓர் ஆயாவிடம் சீன மொழியில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். பயந்துபோய்க் கோப்பி கேட்டேன். ஏதோ சொன்னார், தலையாட்டினேன். பால் இல்லாமல் கறுப்பாக வந்தது. அதற்குப் பெயர் கோப்பி ஓ. அன்றிலிருந்து அதையே குடிக்கிறேன்.

வாரச் சந்தையும் உண்டு, பசார் மாலாம் என்பார்கள், இரவுச் சந்தை. நம் ஊர்ச் சந்தை மாதிரியே ஒவ்வொரு கிழமைக்கு ஒவ்வொரு பேட்டை. சாயங்காலம் வேன்கள் வரும், சாலையின் இரண்டு பக்கமும் கூடாரம் விரியும், பத்தரை மணிக்குப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி சாலை காலி. மீனும் கீரையும் ஒரு பக்கம், உள்பனியனும் போன் உறையும் ஒரு பக்கம், நடுவில் பொரித்த கோழி, கரும்புச்சாறு, பனையோலை விசிறியால் கரியை விசிறிச் சுடும் சாத்தே, குச்சியில் குத்திய இறைச்சி. பத்து பெர்ரிங்கி என்ற கடற்கரைப் பகுதியிலும் தினமும் இரவுக் கடை போடுகிறார்கள். அது வெள்ளைக்காரர்களுக்கானது. போலிக் கைக்கடிகாரமும் சட்டையும் வாங்க வேண்டுமானால் போகலாம். எனக்குப் பேட்டைச் சந்தைதான் பிடிக்கும். அங்கே பள்ளிக்கூடச் சீருடையோடு பிள்ளைகள் அம்மா கையை இழுப்பார்கள், விலை பேசும் சத்தம் மொழி தெரியாமலே புரியும்.

அப்புறம் நம் ஆட்கள் சமாச்சாரம். நாசி கண்டார் என்பது சோறும் பல குழம்பும். கண்டார் என்றால் காவடி போலத் தோளில் வைக்கும் கம்பு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை என்று தமிழ் முஸ்லிம்கள் துறைமுகக் கூலிகளுக்குச் சுமந்து விற்ற சாப்பாடு. இன்றைக்கு அதுதான் இந்த ஊரின் அடையாளம். 1907-லிருந்து நடக்கும் கடைகூட இருக்கிறது. மீன், கோழி, மாடு, வெண்டைக்காய் என்று நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். "பஞ்சிர்" என்று சொன்னால் வெள்ளம், சோறு மிதக்கும். நம் வீட்டில் ஒரு குழம்போடு இன்னொன்று கலந்தால் அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவாரே, அவரை இங்கே ஒரு நாள் கூட்டிவந்திருக்க வேண்டும்.

இடியாப்பத்துக்குப் புட்டு மாயாம் என்று பெயர். தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் வைத்துச் சீனர்களும் மலாய்க்காரர்களும் காலையில் சாப்பிடுகிறார்கள். ஆப்பம் இங்கே அப்போம். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

நான் தங்கியிருக்கும் பக்கத்துச் சந்தையில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெரியவர் அப்போம் வண்டி போடுகிறார். கரி அடுப்பு, வரிசையாக ஆறு குட்டிச் சட்டி, ஒவ்வொன்றுக்கும் மூடி. முதல் சட்டியில் மாவு ஊற்றிச் சுழற்றி மூடிவிட்டு ஆறாவதுக்குப் போவதற்குள் முதலாவது முறுகி நிற்கும். மெல்லிசு, ஓரம் சரிகை மாதிரி. முட்டையோ வாழைப்பழமோ இனிப்புச் சோளமோ வைத்து மடித்துக் காகிதத்தில் தருவார். தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது, தேங்காய்ப்பால் மாவுக்குள்ளேயே இருக்கிறது. என் பேச்சைக் கேட்டதும், "ஊருக்காரப் பிள்ளையா? பசியாறியாச்சா தம்பி?" என்றார். இங்கே சாப்பிட்டாயா என்பதற்குப் பசியாறியாச்சா என்கிறார்கள். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறவர், நம் ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனால் கரண்டியை உதறும் விதம் அப்படியே உன் கை. போனில் உன் வண்டிப் படத்தைக் காட்டினேன். கல் நல்ல கனம் போலிருக்கிறதே என்றார்.

அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மகன் சிங்கப்பூரில் என்ஜினியர். இந்தக் கரிப்புகைக்கு வரமாட்டார். அப்போதுதான் உன் கேள்வி ஞாபகம் வந்து கேட்டேன்: எங்கள் அக்கா மகன் இருக்கிறான், சின்ன வயதிலிருந்து அம்மாவோடு வண்டியில் நின்றவன், உங்களிடம் சேரலாமா? பெரியவர் சிரித்தார். "வந்தா மாவு கரைக்கலாம், சட்டி கழுவலாம். கல்லுல கை வைக்க முடியாது தம்பி. சட்டம்."

உண்மைதான் அக்கா, விசாரித்துவிட்டேன். பினாங்கு மாநில அரசு 2014-இல் அறிவித்து 2016 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி. ஒட்டுக்கடைகளில் முதன்மைச் சமையலை வெளிநாட்டவர் செய்யக்கூடாது, எடுபிடி வேலை மட்டும் செய்யலாம். உள்ளூர்ச் சாப்பாட்டின் ருசி மாறிவிடக்கூடாது என்பது காரணம். முதலில் எனக்குச் சுருக்கென்றது. தோளில் கம்பு வைத்துச் சோறு சுமந்து வந்தவனும் அன்றைக்கு வெளிநாட்டான்தானே! அப்புறம் யோசித்தால் அவர்கள் பயமும் புரிகிறது. நம் கோயில் மடப்பள்ளியில் யாரோ வந்து புளியோதரை கிளறினால் ஊர் சும்மா இருக்குமா? இருந்தாலும் அந்தப் பெரியவருக்கு வாரிசு கிடைக்காமல் போவதற்கும் இந்த விதி ஒரு காரணமாகிவிட்டது. அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஆறாவது சட்டியின் மூடியைத் திறந்தார், பதில் சொல்லவில்லை.

பெரிய உணவகங்களில் முறையான பெர்மிட்டோடு நம் நாட்டுச் சமையல்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பெரியவனிடம் பேசுகிற அந்த ஏஜெண்ட் காட்டுவது அந்த வழி இல்லை. பரமக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் எனக்குப் பழக்கம். மாஸ்டர் வேலை என்று சொல்லி இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் பின்கட்டில் தட்டுதான் கழுவுகிறான். பாஸ்போர்ட் முதலாளியின் மேசைக்குள். பரோட்டா மாவில் இதுவரை கை வைத்ததில்லை. பெரியவன் இதை நம்பவில்லை என்றால் எனக்குப் போன் போடச் சொல். அந்தப் பையனையே பேசச் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அத்தானை உடனே போய்த் திரும்பக் கேட்கச் சொல், இந்த மாதம் தாண்டினால் வராது.

அந்தப் பணத்துக்கு உன் வண்டிக்கு இன்னொரு அடுப்பு வாங்கலாம். பெரியவன் ஆப்பத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், நீ மிச்சத்தைப் பார். இது என் யோசனை, கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை பெரியவர், "உங்க அக்கா ஆப்பமாவுக்கு என்ன விட்டுப் புளிக்க வைக்கிறாங்க?" என்று கேட்டார். அவர் பாட்டி காலத்தில் கள் விடுவார்களாம், இப்போது ஈஸ்ட்தான், அதில் அவருக்குத் திருப்தி இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் உன் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றிருக்கிறேன், ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பழைய சோறா, இளநீரா, வேறு ஏதாவதா? எத்தனை மணி நேரம் வைப்பாய்? அளவோடு சொல். வரும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. எழுத நேரமில்லை என்றால் பேசியே அனுப்பு, கடாய் இரைச்சல் இருந்தால் பரவாயில்லை.

அன்புடன்,
உன் தம்பி