கோபிக்கு ஒரு வால்வுக் கடுதாசி

பல்லடம்,
ஆனி மாதம்

அன்பு மாப்ள,

கடுதாசி கிடைத்தது. இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிடித்துக்கொண்டது. வால்வு ஆம்ப்ளிஃபயரை மூடி வைக்காவிட்டால் சாக்கெட் முழுக்கப் புழுதிதான்.

ஒரே சேனலில், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகளாக ஈஎல்34 ஒன்றும் 6எல்6 ஒன்றும் ஜோடி போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். புஷ்-புல்லில், அதாவது இரண்டு வால்வு மாறி மாறி வேலை செய்யும் அமைப்பில், இரண்டும் சமமாகக் கரண்ட் இழுத்தால்தான் ஸ்பீக்கருக்கு முன்னிருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் அவற்றின் டிசி ஒன்றையொன்று ரத்துசெய்யும். வித்தியாசம் விழுந்தால் அதன் இரும்புக் கோர் ஒரு பக்கமாகக் காந்தமேறி நிற்கும். முதலில் கெடுவது பேஸ். தவிலின் தொப்பி தகரத்தைத் தட்டினாற்போல் கேட்கும், ஹம் என்கிற இரைச்சலும் ஏறும். பயாஸை, அதாவது சத்தமில்லாதபோது வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்கணும் என்று முடிவுசெய்யும் வோல்டேஜை, தனித்தனியாக வைத்துச் சரிக்கட்டினாலும், சத்தம் கூடும்போது இரண்டும் ஒரே மாதிரி நடக்காது. சேனலுக்கு நாலு வால்வு இருந்தால் அது வேறு கதை: ஒரு ஜோடி இது, ஒரு ஜோடி அது, ஒவ்வொன்றுக்கும் தனி பயாஸ். அப்போதும் ஈஎல்34 உட்காரும் சாக்கெட்டில் 1-ம் பின்னை 8-உடன் இணைத்தாக வேணும். வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6எல்6-இல் 0.9 ஆம்பியர், ஈஎல்34-இல் 1.5; பவர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்த்துக்கொள்.

கலந்து பார்க்கிற ருசியெல்லாம் சின்ன வால்வுகளில்தான். முதல் ஸ்டேஜில் இருக்கும் 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு 5751 போடு. மியூ, அதாவது வால்வு சிக்னலைப் பெருக்கும் அளவு, 100-லிருந்து 70-க்கு இறங்கும்; வேறெதையும் தொட வேண்டியதில்லை. 12ஏயூ7 அப்படியில்லை. பின்கள் பொருந்தும், ஆனால் மியூ இருபதுக்கும் கீழே. 250 வோல்ட் சப்ளை, வால்வின் பிளேட் முனையில் 100கே ஓம் ரெசிஸ்டர், கேத்தோடு முனையில் 1.5கே ஓம் என்றால் 12ஏஎக்ஸ்7-க்குப் பிளேட்டில் சுமார் 160 வோல்ட் நிற்கும். 12ஏயூ7 அதே இடத்தில் இரட்டிப்புக் கரண்ட் இழுத்து 100-க்கும் கீழே தள்ளிவிடும். கேத்தோடு ரெசிஸ்டரை ஏற்றாமல் கேட்டுவிட்டு "என்ன இதமான சத்தம்" என்பவர்கள் பலர். கேட்பது டிஸ்டார்ஷன், சிக்னல் உருக்குலைவது. கெயின் குறைந்ததால், வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி விட்டுப் பிழையைத் திருத்தும் நெகட்டிவ் ஃபீட்பேக்கும் இளகி, ஸ்பீக்கர் மேலிருந்த பிடியும் தளர்ந்திருக்கும். அது பிடித்திருந்தால் தப்பில்லை, காரணம் தெரிந்திருக்கட்டும்.

ஈசிசி88 என்கிற சின்ன வால்வை மட்டும் அந்த சாக்கெட்டில் செருகிவிடாதே. அதன் ஹீட்டர் 4, 5 பின்களுக்கு நடுவே, 6.3 வோல்ட், 9-ம் பின் வெறும் ஷீல்டு. 12ஏஎக்ஸ்7-க்காக 4-ம் 5-ம் சேர்த்து 6.3-க்கு வயர் செய்த ஆம்ப்பில் அது சூடே ஆகாது. 12.6-க்குச் செய்திருந்தால் ஃபிலமென்ட் போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒரே இடத்தில் மாற்று, இரண்டு சேனலிலும் ஒரே வகை. பிறகு 400 ஹெர்ட்ஸ் டோன் விட்டு, ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்து, பழைய வோல்டேஜுக்கு வால்யூமைக் கொண்டுவந்து அப்புறம் கேள். சத்தம் கூடினாலே காது நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிடும்.

உன் தோட்டத்துச் சாளையில் இன்னொரு சங்கதி. ராத்திரி சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் நின்றதும் லைன் 245 வோல்ட்டுக்கு ஏறினால், 220 டேப்பில், அதாவது 220 வோல்ட்டுக்கான முனையில், இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஹீட்டருக்கு 6.3-க்குப் பதில் 7 வோல்ட் கொடுக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் வால்வுக்கு ஆகாது. 240 டேப்புக்கு மாற்று. பயாஸையும் அந்த நேரத்திலேயே வை: பவர் வால்வின் கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர், பிளேட்டில் 450 வோல்ட் என்றால், அந்த ரெசிஸ்டரில் 38 மில்லிவோல்ட்டைத் தாண்டாதே. ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யாதே, கை வைக்கும் முன் கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை 10கே ரெசிஸ்டரால் இறக்கு.

ராத்திரி ஹீட்டர் எவ்வளவு காட்டுகிறது, நாலு கேத்தோடிலும் என்ன நிற்கிறது என்று எழுது. 5751 இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். அளவு சரியாக இருந்தால் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மச்சான்