'வேல்ஸ்' அவர்கள் இட்ட பெயர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், 'வேல்ஸ் இங்கிலாந்தின் மேற்குப் பகுதி. அம்மக்கள் தங்கள் மண்ணுக்கு இட்ட பெயர் அது' என்று படித்தேன். ஒரே வரியில் இரண்டு பிழை: வேல்ஸ் இங்கிலாந்தின் பகுதி அல்ல, பிரிட்டனுக்குள் தனி நாடு; பெயரும் அம்மக்கள் இட்டதல்ல. இருபத்தெட்டு ஆண்டு வாசகி என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வேல்ஸ் என்பது ஆங்கிலேயரின் முன்னோரான ஆங்கிலோ-சாக்சன்கள் வைத்த பெயர். அவர்கள் பேச்சில் அதன் வேர்ச்சொல்லுக்கு அந்நியன் என்று பொருள். அடிமை என்ற பொருளும் பின்னால் சேர்ந்தது. குடியேற வந்தவர்கள், காலங்காலமாக அங்கேயே இருந்தவர்களை அந்நியர் என்றார்கள். வால்நட் என்கிறோமே, அதன் முதற்பாதியும் இதே சொல்தான்.

அம்மக்கள் சொல்லும் பெயர் கம்ரி. 'கொம்ப்ரோகி' என்ற பழைய பிரிட்டானியச் சொல்லிலிருந்து வந்தது. 'கொம்' என்றால் கூட, 'ப்ரோ' என்றால் நிலம்: ஒரே மண்ணின் மக்கள். நாட்டின் பெயருக்கும் மக்களின் பெயருக்கும் எழுத்தில்தான் வேறுபாடு, காதுக்கு இரண்டும் ஒன்றே. வடக்கு இங்கிலாந்தின் கம்பிரியா என்ற பெயரிலும் இச்சொல் இருக்கிறது.

என் கணவரின் வேலைக்காக ஆறு ஆண்டுகள் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் இருந்தோம். போன புதிதில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் 'உங்கள் இங்கிலாந்தில்' என்று பேச்செடுத்தேன். அவர் கோபப்படவில்லை. ஒரு தாளில் இரண்டு பெயர்களையும் எழுதிப் பொருள் சொன்னார். அவருடைய பாட்டி, பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகக் கழுத்தில் மரத்துண்டு மாட்டப்பட்டவர். 'வெல்ஷ் நாட்' என்பார்கள் அதை. அன்று எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்னும் போகவில்லை.

பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பில் வேல்ஸ் என்று தேடினால் 'இங்கிலாந்து காண்க' என்றுதான் இருந்ததாம். தாங்கள் அறியாததல்ல. அதே வரியை நம் இதழிலும் பார்க்க வேண்டுமா?

முன்பொரு முறை அம்மக்களின் வெல்ஷ் மொழியை 'ஆங்கிலத்தின் வட்டார வழக்கு' என்று எழுதியிருந்தீர்கள். அது கெல்டிக் குடும்பத்து மொழி, பிரெட்டன், கார்னிஷ் மொழிகளுக்கு உடன்பிறப்பு என்று அப்போதே எழுதினேன், வெளியிடவில்லை. 2021 கணக்கெடுப்பின்படி ஐந்து லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர் பேசும் மொழி அது. நம் பத்திரிகைகளுக்கோ, அங்குள்ள 58 எழுத்து ரயில் நிலையப் பெயரைப் போட்டுச் சிரிக்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது. அந்த நீளப் பெயரே சுற்றுலாப் பயணிகளை இழுக்க 1860களில் கட்டியது.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். 'கம்ரி' என்ற சொல் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய வாசகி ஒருத்தி,
திருச்சி