பிராம்ப்டனிலிருந்து அப்பாவுக்கு: ஃபர்னஸ் ஃபில்டர் பற்றி

பிராம்ப்டன், ஒன்டாரியோ, கனடா
14-9-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் நீங்கள் இருவரும் வந்து சேரும்போது இங்கே வீட்டைச் சூடாக்கும் எந்திரமான ஃபர்னஸ் ஓடத் தொடங்கியிருக்கும். பகலில் வீட்டில் இருக்கப்போவது நீங்கள்தான். "ஆறு மாசம் ஜன்னலே திறக்காம எப்படி மூச்சு விடுறீங்க?" என்று போனில் கேட்டீர்கள். கணக்கோடு சொன்னால்தான் உங்களுக்குத் திருப்தி என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

நூல் மில்லில் காற்றை ஈரப்படுத்தி அனுப்பும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டோடு வாழ்ந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. இங்கே பெரும்பாலான வீடுகளின் அடியில், பேஸ்மென்ட் என்கிற நிலவறையில், அந்த பிளான்ட்டின் குட்டி ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைகளின் காற்றை ரிட்டர்ன் டக்ட் என்ற திரும்பு குழாய் வழியாக ப்ளோயர் என்ற பெரிய விசிறி இழுக்கிறது. ஃபில்டர், ப்ளோயர், கேஸ் எரிந்து சூடாகும் உலோக அறையான ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதற்கு மேல் காற்றைக் குளிர்விக்கும் ஏசி காயில் என்ற வரிசையில் காற்று ஏறி, தகரக் குழாய்கள் வழியாகத் தரையிலுள்ள துவாரங்களில் வெளியே வருகிறது. குளிர்காலத்தில் சூடு, கோடையில் குளிர்ச்சி, குழாய் ஒன்றுதான். 3 டன் ஏசிக்கு நிமிஷத்துக்குச் சுமார் 1,200 கன அடி காற்று வேண்டும். 2,000 சதுர அடி வீடு, 8 அடி உயரம் என்றால் 16,000 கன அடி. ப்ளோயர் ஓடும்போது 13 நிமிஷத்துக்கு ஒருமுறை வீட்டுக் காற்று முழுவதும் அந்த ஒரு ஃபில்டரைத் தாண்டிப் போகிறது.

அந்த ஃபில்டரின் முதல் வேலை இயந்திரத்தைக் காப்பது. நம் நுரையீரல் இரண்டாவதுதான். கடையில் எல்லோரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கிச் செருகிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஃபில்டரின் மேல் 'மெர்வ்' என்று ஓர் எண் இருக்கும். ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் அளவுகோல் அது. மெர்வ் 8 என்றால் 3 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள தூசியில் குறைந்தது 70 சதவீதத்தைப் பிடிக்கும்: துணி நார், மகரந்தம், வீட்டுத் தூசி. மெர்வ் 11, அதையே 85 சதவீதம் பிடிப்பதோடு 1 முதல் 3 மைக்ரான் தூசியில் 65 சதவீதத்தையும் பிடிக்கும். புகையைப் போன்ற 0.3 முதல் 1 மைக்ரான் துகள்களில் பாதியையாவது பிடிக்க வேண்டுமென்றால் மெர்வ் 13 வேண்டும். சில பெட்டிகளில் மெர்வ் எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருக்க மாட்டார்கள்; 3எம் நிறுவனம் எம்பிஆர் என்றும், ஹோம் டிப்போ கடை எஃப்பிஆர் என்றும் தங்கள் சொந்த எண்களைப் போடுகின்றன. எம்பிஆர் 1900, எஃப்பிஆர் 10 இரண்டும் ஏறக்குறைய மெர்வ் 13.

நுண்ணியது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ப்ளோயரின் தெம்புக்கு ஓர் அளவு இருக்கிறது. பெரும்பாலான ஃபர்னஸ்களின் பெயர்ப்பலகையில் காற்றுக்கு வரும் மொத்த எதிர்ப்பு 0.5 அங்குல நீர்மட்டத்தைத் தாண்டக்கூடாது என்று போட்டிருக்கும். மில்லில் யு குழாயில் பார்ப்பீர்களே, அந்தக் கணக்குதான்; 13 மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் குழாய்கள், காயில், துவாரங்கள், ஃபில்டர் நான்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஃபில்டர் மட்டும் 0.1, மிஞ்சினால் 0.2 எடுக்கலாம்.

இப்போது பரப்பைப் பாருங்கள். மிகச் சாதாரண அளவு 16க்கு 25க்கு 1 அங்குலம். முகப்பு 400 சதுர அங்குலம், அதாவது 2.8 சதுர அடி. 1,200 கன அடி அதற்குள் நுழைந்தால் வேகம் நிமிஷத்துக்கு 430 அடி. 300-க்குக் கீழே வைத்தால்தான் நல்லது. இந்த ஒரு அங்குல ஃபில்டரில் அங்குலத்துக்கு ஒரு மடிப்பு என்று வைத்தால், விரித்துப் பார்க்கும்போது சுமார் 700 சதுர அங்குலத் தாள் இருக்கும். அதே 16க்கு 25-ல் 4 அங்குல ஆழமுள்ள ஃபில்டரை எடுத்தால் சுமார் 2,900. நான்கு மடங்கு! முகப்பு மாறாவிட்டாலும் தாளுக்குள் நுழையும் வேகம் கால்வாசியாகிறது. அதனால்தான் மெர்வ் 13 வேண்டுமென்றால் 4 அல்லது 5 அங்குலக் கூடு வையுங்கள், ஒரு அங்குலத் துளைதான் இருக்கிறது என்றால் மெர்வ் 8, அதிகம் போனால் 11-ல் நில்லுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கூடு மாற்றுவது தகர வேலைக்காரருக்கு அரை நாள் வேலை. செய்யத் தகுந்த செலவு. நம் வீட்டில் 4 அங்குலக் கூடுதான், அதில் மெர்வ் 13.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? குளிர்காலத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் சூட்டை அள்ளிப்போக ஆளில்லாமல் அது கொதிக்கும். சூடு மிஞ்சினால் நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் தெறித்து பர்னர் அணையும், ப்ளோயர் மட்டும் ஓடும், ஆறியதும் மறுபடி பற்றும். துவாரத்தில் கொஞ்ச நேரம் சூடு, கொஞ்ச நேரம் வெறும் காற்று என்று மாறி மாறி வந்தால் முதலில் ஃபில்டரைத்தான் பார்க்க வேண்டும். இப்படியே பல மாதம் விட்டால் அந்த உலோகம் விரிந்து சுருங்கி விரிசல் விடும். கோடையில் இதற்கு நேர்மாறு: ஏசி காயிலில் பனி கட்டி, குழாயே வெள்ளையாகிவிடும். பழைய மோட்டார் என்றால் காற்று குறையும், அவ்வளவுதான். வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் புதிய ஈசிஎம் மோட்டார் அப்படியில்லை. இழந்த காற்றை ஈடுகட்ட வேகம் கூட்டும், சத்தமும் கரண்டும் ஏறும். அதனால் அது வெகுநாள் குறையை மறைத்து வைத்துவிடுகிறது.

இன்னொன்று, அளவு. இந்த நாட்டில் கிலோமீட்டர், லிட்டர், செல்சியஸ் எல்லாம் உண்டு. ஆனால் ஃபில்டர் மட்டும் அங்குலத்தில். பெட்டியில் 16க்கு 25க்கு 1 என்று போட்டிருந்தாலும் டேப் வைத்து அளந்தால் 15½, 24½, ¾ என்றுதான் வரும். செருகுவதற்கான இடைவெளி அது. ஆனால் 4, 5 அங்குல வகைகளில் கம்பெனிக்குக் கம்பெனி உண்மை அளவு மாறும். பழைய சட்டத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்ட உண்மை அளவைப் பார்த்து வாங்க வேண்டும். கால் அங்குலச் சந்து இருந்தால்கூடக் காற்று அந்தப் பக்கம் ஓடிவிடும். மெர்வ் 13 வாங்கிய காசு வீண். பாதி வீடுகளில் ஃபில்டர் துளைக்கு மூடியே இல்லை. காந்தப் பட்டை மூடி அல்லது அலுமினிய டேப் ஒட்டினால் போதும்.

மாற்றும் முறை இதுதான். சூட்டின் அளவை வைக்கும் சுவர்ப்பெட்டியான தெர்மோஸ்டாட்டை ஆஃப் செய்து, ஃபர்னஸ் பக்கத்தில் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்து, ப்ளோயர் நிற்கும்வரை காத்திருங்கள். மூடியை எடுத்து ஃபில்டரை மெதுவாக இழுங்கள். தூசியுள்ள முகம் மேலே இருக்கட்டும், உடனே குப்பைப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். உள்ளே ஈரத்துணியால் ஒரு துடை. புதியதன் விளிம்பில் அம்புக்குறி இருக்கும். அது ஃபர்னஸைப் பார்த்து, அதாவது காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். தாளைத் தாங்கும் கம்பிவலை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தலைகீழாகப் போட்டால் நாளடைவில் தாள் வளைந்து மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். மார்க்கரில் தேதியை எழுதி, மூடி, சுவிட்சைப் போடுங்கள். விசில் சத்தம் கேட்டால் எங்கோ சந்து இருக்கிறது.

ஒரு அங்குல ஃபில்டர் ஒன்று முதல் மூன்று மாதம், 4 அங்குலம் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் என்று சொல்வார்கள். நாள் பார்ப்பதைவிட மாதம் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது மேல். நாய், பூனை இருந்தால் சீக்கிரம் அடைக்கும். வீட்டில் சுவர் வேலை நடந்தால் ஜிப்சம் மாவு ஒரு வாரத்தில் ஃபில்டரைச் சாகடிக்கும். வேலை முடியும்வரை ரிட்டர்ன் துவாரங்களை மூடி, ஃபர்னஸை நிறுத்திவிட வேண்டும். தாள் ஃபில்டரைக் கழுவவோ வாக்குவம் போடவோ கூடாது. அந்த நார்களில் மின்னேற்றம் இருக்கிறது, நுண்தூசியை அதுதான் இழுத்துப் பிடிக்கிறது. கழுவினால் அது கெட்டுவிடும். கழுவிக் கழுவிப் போடலாம் என்று விற்கும் வலை ஃபில்டர்கள் பெரிய தூசிக்கு மட்டும்தான். ஓசோன் விடும் காற்றுச் சுத்திகரிப்பு எந்திரம் பக்கமே போக வேண்டாம், நுரையீரலுக்குக் கெடுதல்.

அம்மாவுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நம் தாளிப்பு எண்ணெய்ப் புகை ஃபில்டரில் ஒட்டினால் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், அதன்மேல் தூசி படிந்து சீக்கிரம் அடைத்துவிடும். அடுப்பு பற்றவைக்கும் முன்பே புகைக்கூண்டு விசிறியைப் போட்டு, சமைத்த பின்னும் பதினைந்து நிமிஷம் ஓடவிட வேண்டும். நம் வீட்டில் அது வெளியே தள்ளும் வகை. கரியை வைத்து வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும் வகை வறமிளகாய்க் கமறலுக்குச் சரிவராது. சாம்பிராணி, கற்பூரப் புகையும் மிக நுண்ணியது. போடட்டும், தடையில்லை. அந்த நேரம் தெர்மோஸ்டாட்டில் ஃபேனை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்'-க்கு மாற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். 'ஆட்டோ'வில் சூடு தேவைப்படும்போது மட்டும் ப்ளோயர் ஓடும். ஓடாத ஃபில்டர் எதையும் பிடிக்காது.

புதுக் காற்றுக்கு ஹெச்ஆர்வி என்று தனிப்பெட்டி இருக்கிறது. உள்ளே உள்ள கெட்ட காற்றை வெளியேற்றும்போது அதன் சூட்டை வரும் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஆறு மாதம் ஜன்னல் திறக்காமல் மூச்சு விடுவது இதனால்தான். அதற்குள் இரண்டு சிறு ஃபில்டர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போட வேண்டும். வீட்டுக்கு வெளியே அதன் வாய் இருக்கிறது, பனி மூடினால் தட்டிவிட வேண்டும். ஜூனில் இலவம்பஞ்சு மாதிரி மரப்பஞ்சு பறக்கும், அப்போது அந்த வாயிலுள்ள வலையும் வெளியே நிற்கும் ஏசியும் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும்.

காட்டுத்தீப் புகை வந்தால் ஹெச்ஆர்வியை நிறுத்திவிடுங்கள். 2023 ஜூனில் கியூபெக் காடுகள் எரிந்து டொராண்டோவே மங்கியது. அந்த ஆண்டு எரிந்த அளவு கனடா அதுவரை கண்டிராதது. அப்படிப்பட்ட நாட்களில் மெர்வ் 13, ஃபேன் 'ஆன்', ஜன்னல் மூடல். கூடுதலாக, 20 அங்குலப் பெட்டி விசிறியோடு நான்கு மெர்வ் 13 ஃபில்டர்களைச் சதுரமாக டேப்பால் ஒட்டி, அடியில் அட்டை வைத்தால் ஒரு அறைக்கு நல்ல சுத்திகரிப்பான் ஆகும். கோர்சி–ரோசந்தால் பெட்டி என்று பெயர், 2020-ல் வந்த யோசனை.

ஈரப்பதம் பற்றியும் கேட்டீர்கள். மில்லில் குறைந்தால் நூல் அறும், இங்கே உதடு வெடிக்கும். ஃபர்னஸோடு ஒட்டிய பெட்டியில் காற்றை ஈரமாக்கும் ஒரு தண்ணீர்ப் பலகை இருக்கிறது, சீசனுக்கு ஒன்று மாற்றினால் போதும். 30–40 சதவீதம் வைத்திருங்கள். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் குறைக்க வேண்டும்.

இப்போது ஓடும் ஃபில்டரில் ஆகஸ்ட் 30 என்று எழுதியிருக்கிறேன். பேஸ்மென்ட் அலமாரியில் இன்னும் இரண்டு இருக்கின்றன. நவம்பர் முதல் வாரத்தில் நீங்களே இழுத்துப் பாருங்கள். ஒளிக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் வரவில்லையென்றால் மாற்றிவிடலாம். அலமாரியில் அந்த எதிர்ப்பை அளக்கும் மானோமீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். புது ஃபில்டரில் 0.12 அங்குலம் காட்டியது, 0.2 வந்தால் கணக்கு முடிந்தது.

அம்மாவுக்கு என் அன்பு. டிக்கெட் நகலை அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகன்