தாத்தாவின் கேசட்டைப் பேச வைத்தவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

தாத்தா 1986-இல் பேசிப் பதிந்த மூன்று கேசட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. நம் மலை ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும், பூஞ்சை பூத்து நாடா ஒட்டிப்போயிருந்தது. குன்னூர் மார்க்கெட் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன், அவற்றில் இரண்டைப் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பிரித்து, பஞ்சால் துடைத்து, வேறு கூட்டுக்குள் மாற்றிக் கொடுத்தார். மூன்று வார வேலை. காசு வாங்கவில்லை. அண்ணே, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

தாத்தா மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து 1943-இல் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட பாதை அது. நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்), மூன்று மாதம்தான் என்று சொல்லி ஜப்பான்காரர்கள் ஏற்றினார்களாம். கேசட்டில் அடிக்கடி "மண்டோர் அடிச்சான்" என்று வரும். அது யாரோ ஒருவன் பெயர் என்றே நினைத்திருந்தோம். மலாயாவில் பிறந்த கட்டபெட்டுப் பாட்டி கேட்டதும் சிரித்துவிட்டார். "பேரில்ல சாமி, வேலை வாங்குறவன்." பாட்டிக்கு என் கும்பிடு.

கால் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்ததாகத் தாத்தா சொல்வதைக் கேட்ட டாக்டரம்மா, பெரிபெரி என்றார். தீட்டிய அரிசிச் சோறு மட்டுமே தின்றால் பி1 சத்து இல்லாமல் வருவதாம். தவிடு கிடைத்திருந்தாலே பலர் தேறியிருப்பார்களாம்.

அப்புறம் உப்பு. தாத்தா கடைசிவரை வேட்டி மடிப்பில் கல்லுப்புப் பொட்டலம் முடிந்து வைத்திருந்தார். கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருத்தி. முகாமில் சோப்பு இல்லை, துணி கிழிந்தபின் சாக்குதான் கோவணம். அதையெல்லாம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வருகிறவர், ஒரு உப்புக்கல்லை மூன்று பேர் மாற்றி மாற்றி நக்கிச் சோறு தின்றதைச் சொல்லும்போது மட்டும் நிறுத்திவிடுகிறார். கொஞ்ச நேரம் நாடா ஓடும் சத்தம்தான்.

கணக்குகளைத் தேடித் தந்த ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியாருக்கும் நன்றி. 415 கிலோமீட்டர் பாதை. நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்து, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவர்களிடையே ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிட அதிகமாகச் செத்த தோட்டத் தொழிலாளிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நன்றி மடலில் கோபம் கூடாதுதான், ஆனாலும் எழுதிவிட்டேன்.

மூன்றாவது கேசட் இன்னும் கடையில்தான் இருக்கிறது. வெயில் வரட்டும், காயவைத்துப் பார்ப்போம் என்றிருக்கிறார் அண்ணன்.