பலேர்மோவிலிருந்து கௌரிக்கு

பலேர்மோ,
மார்ச் முதற்கிழமை

அன்பின் கௌரி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குச் சம்பந்தம் பொருந்தி வந்ததில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். நாள் குறித்ததும் எழுது, நான் லீவுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் படிப்பை முடித்துத் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போகிறான். இவருக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. செப்டம்பர் 4இல் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலை ஏறவேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். சைவக்காரர், வேதக்காரர் என்று பாராமல் எங்கள் ஆட்கள் திரண்டு போகிற மலை அது.

சரி, உன் சீனி வருத்தத்துக்கு வருகிறேன். டொக்டர் மத்தியதரைக் கடல் உணவு சாப்பிடச் சொல்லி ஒரு தாள் தந்தார், சால்மன் மீனும் ஒலிவ் எண்ணெயும் வாங்கியே காசு கரைகிறது என்று எழுதியிருந்தாய். அந்தக் கடலின் கரையில் இருக்கிறவள் நீ, அங்கே ஆட்கள் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். இந்த ஊர் அடுப்படிகளில் காலம் கழித்தவள் என்ற உரிமையோடு சொல்கிறேன்: அவரையும் பருப்பும் கோதுமையும்தான். மீன் கடற்கரையில் இருந்தவர்களுக்கும் காசு இருந்தவர்களுக்கும். எங்கள் பலேர்மோ இருக்கிற இந்தச் சிசிலித் தீவின் உட்பக்கத்து மலையூர்களில் இறைச்சி என்பது திருநாளில் காண்கிற பொருள். மற்ற நாட்களில் வயிற்றை நிரப்பியது காய்ந்த ஃபாவா அவரை, கடலை, பருப்பு, பாண், பாஸ்தா, வரம்பில் பிடுங்கிய கீரை, அதன்மேல் கொஞ்சம் எண்ணெய்.

ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1957இல் தென்னித்தாலியின் கலாப்ரியாவில் நிக்கோத்தெரா என்ற ஊருக்கு வந்து ஆட்களின் சாப்பாட்டையும் இதயத்தையும் சேர்த்துப் பார்த்தார். அடுத்த வருஷம் தொடங்கிய ஏழு நாடுகளின் பெரிய ஆய்வுக்கு அது முன்னோட்டம். அவர் கண்டதும் இந்தக் குடியானவர் சாப்பாட்டைத்தான். 2010இல் யுனெஸ்கோவும் அதைப் பாரம்பரியச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பெயர் பெரிதானதும் எண்ணெய்ப் போத்தலும் மீன் துண்டும் படத்தின் நடுவுக்கு வந்துவிட்டன. அவரை மூலைக்குப் போய்விட்டது. எனக்கு இதில் உண்மையாகவே மனவருத்தம். உன்னைப் போல எத்தனை பேர் வாங்கத் தேவையில்லாததை வாங்குகிறார்கள்!

நான் பராமரிக்கும் சினியோராவுக்கு எண்பது தாண்டிவிட்டது. எனா மாகாணத்தில் பிறந்தவர். அந்தப் பக்கத்து லெயோன்போர்த்தே என்ற ஊர் ஃபாவாவுக்குப் பெயர்போனது. ஒரு வருஷம் கோதுமை விதைத்த நிலத்தில் மறுவருஷம் ஃபாவா போடுவார்களாம். ஃபாவாவின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தைக் கொடுக்கும், அடுத்த கோதுமை செழித்து வரும். உரமூட்டை வாங்க வழியில்லாத காலத்து அறிவு இது. வயலில் ஒன்றுக்கொன்று துணை நின்ற அந்த இரண்டுமே தட்டிலும் ஒன்றாக வந்து சேர்கின்றன. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, அவரை பருப்பில் அது தாராளம். அவரையில் குறைவான மெதியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் கோதுமையில் இருக்கிறது. இறைச்சி இல்லாமல் வயலில் நாள் முழுக்க உழைத்தவர்களின் உடம்பு எப்படித் தாங்கியது என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

இந்த மாதம் 19ஆம் திகதி சூசையப்பர் திருநாள். சிசிலியின் பல ஊர்களில் அன்றைக்கு மாக்கு என்ற அவரைக் கூழ் சமைப்பார்கள். தவக்காலத்துக்குள் வருவதால் இறைச்சி இல்லை. தோட்டத்தில் பச்சை ஃபாவா வரப்போகிற நேரம் என்பதால், போன வருஷத்துக் காய்ந்த சாமான்களைப் பெட்டியின் அடிவரை வழித்துப் போட்டு முடிப்பார்கள்: ஃபாவா, கடலை, பருப்பு, வெள்ளைப் போஞ்சி விதை, சில இடங்களில் காய்ந்த செஸ்நட்டும்.

சினியோரா கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நான் செய்வது வெறும் ஃபாவா மாக்கு. தோல் நீக்கிய காய்ந்த ஃபாவாவை இரவே ஊறவிடு. காலையில் ஒரு வெங்காயத்தை அரிந்து போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் வை. முதலில் வெள்ளை நுரை பொங்கும், அகப்பையால் அள்ளிவிடு. அதன்பிறகு அடிப்பிடிக்காமல் துழாவுவது ஒன்றுதான் வேலை. ஒரு மணித்தியாலம் தாண்ட விளிம்பெல்லாம் கரைந்து, பருப்பு தானாக உடைந்து, மஞ்சளும் பச்சையுமாய் ஒரு கூழ் திரளும். குமிழி சத்தத்தோடு வெடிக்கிற பதம் வந்ததும் காட்டுப் பெருஞ்சீரகத்தின் இலையை அரிந்து போட்டு உப்புச் சேர். மிக்சியில் அடித்ததென்றால் சினியோரா தொடமாட்டார். நாக்குக்கு அகப்படுகிற சின்னச் சின்னத் துண்டுகள் அதில் இருக்கவேண்டும். சிலர் உடைத்த ஸ்பகெட்டியையும் அதற்குள்ளேயே அவிப்பார்கள். இறக்கியதும் மிளகு, பச்சை ஒலிவ் எண்ணெய். மிஞ்சியதைத் தட்டில் ஊற்றி வைத்தால் மறுநாள் இறுகிவிடும். துண்டு போட்டு, மாவில் பிரட்டிப் பொரித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அந்த இரண்டாம் நாளுக்காகவே நான் கொஞ்சம் கூட்டிப் போடுவேன்.

கோதுமையைப் பற்றி எழுதத் தொடங்கினால் தாள் போதாது. உரோமர் காலத்திலேயே இந்தத் தீவு அவர்களுக்குத் தானியக் களஞ்சியம். பலேர்மோவுக்குக் கிழக்கே திராபியா என்ற ஊரில் மாவை நூலாக்கிக் காயவைத்து, கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்புகிறார்கள் என்று 1154இல் அல்-இத்ரிசி என்ற அரபுப் புவியியலாளர் எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கும் தும்மினியா என்ற பழைய இனத்துக் கோதுமையை இளவேனிலில் விதைத்து அந்தக் கோடையிலேயே அறுக்கிறார்கள். கஸ்தெல்வெத்ரானோ என்ற ஊரின் கறுப்புப் பாணில் அந்த மாவும் சேர்கிறது. எள் தூவிய தடித்த மேலோடு, உள்ளே தவிட்டு நிறம். ஒரு துண்டு சாப்பிட்டால் பசி சீக்கிரம் வராது.

ஆனால் உன்னைக் கூட்டிவந்து காட்டவேண்டும் என்று நான் ஆசைப்படுவது திராப்பனி ஊரின் கூஸ்கூஸை. கடலுக்கு அப்பால் துனீசியா, அங்கேயிருந்து வந்த சமையல். பெரிய மண்தட்டில் ரவையைப் பரப்பி, விரல் நுனியால் உப்புத் தண்ணீர் தெளித்து, கையை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். பொடி பொடியாக மணி திரண்டு வரும். முதல்முறை பார்த்தபோது அம்மா புட்டுக்கு மா குழைக்கிற கைதான் கண்ணுக்குள் வந்தது. அடியில் துளையுள்ள சட்டியில் கொட்டி, கீழே தண்ணீர்ப் பானை வைத்து, இரண்டும் பொருந்துகிற வாயைக் குழைத்த மாவைத் திரியாக உருட்டிச் சுற்றி அடைப்பார்கள். ஆவி ஒரு துளியும் வெளியே போகாது. ஒன்றரை மணித்தியாலம் வேகும். பிறகு மீன்சாறு ஊற்றிக் கிளறி, கம்பளியால் மூடி உறங்கவிடுவார்கள். திராப்பனியில் மீனோடு, இங்கே பலேர்மோவின் பல்லாரோ சந்தைப் பக்கத்துத் துனீசியர் வீடுகளில் கடலையும் மரக்கறியும் சேர்த்து. சாப்பாடு என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான் விருப்பம்.

டிசம்பர் 13 சாந்தா லூச்சியா நாள். 1646இல் பஞ்சத்தின் நடுவே அந்த நாளில்தான் கோதுமைக் கப்பல் கரை சேர்ந்தது, பசி தாங்காத சனம் மாவாக்கக்கூடப் பொறுக்காமல் முழுக் கோதுமையை அவித்துச் சாப்பிட்டது என்று சொல்வார்கள். அதன் நினைவாகப் பலேர்மோக்காரர் அன்றைக்குப் பாணையும் பாஸ்தாவையும் தொடுவதில்லை. கோதுமையைத் தண்ணீர் மாற்றி மாற்றி மூன்று நாள் ஊறவைத்து அவித்து, கூச்சியா செய்கிறார்கள். நகரத்தில் ரிக்கொத்தா என்ற மென்மையான பாற்கட்டியும் சீனியும் கலந்து இனிப்பாக. உள்ளூர்களில் கடலையோடு, எண்ணெய் விட்டு. உனக்கு இரண்டாவது வகைதான் சரி. கடித்தால் பட்டென்று வெடிக்கிற முழுக் கோதுமை வாய்க்கு வேலை கொடுக்கும், மெல்ல மெல்லத்தான் உள்ளே போகும். ரவையாகவும் மாவாகவும் சாப்பிடுவதைவிட இப்படிச் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி ஏறுவதும் மெதுவாகத்தான் இருக்கும். எவ்வளவு சாப்பிடலாம் என்று மட்டும் டொக்டரிடம் கேட்டுக்கொள்.

கடலைமாவில் பனெல்லே என்று ஒன்று தெருவெங்கும் பொரிக்கிறார்கள். ருசி சொல்லி வேலையில்லை, ஆனால் அது எண்ணெய்ச் சாமான். எப்போதாவது ஒருநாள் போதும்.

அன்றாடத்துக்கு நீ செய்யக்கூடியது பருப்புப் பாஸ்தா. இங்கே வடக்கே உஸ்திக்கா என்ற எரிமலைத் தீவில் விளைகிற சின்னப் பருப்பு இருக்கிறது. தோல் உரிக்காத மைசூர்ப் பருப்பின் இனம்தான். ஊறவைக்கத் தேவையில்லை. உள்ளி, செலறி, கரட் சேர்த்து அவித்து, முக்கால் பதத்தில் உடைத்த ஸ்பகெட்டி போடவேண்டும். சினியோரா வீட்டில் பாஸ்தா கூட, பருப்புக் குறைய. நீ அதை மாற்றிப் போடு. தக்காளி போடுவதென்றால் பருப்பு நன்றாக வெந்தபிறகு போடு, புளிப்பு முதலில் விழுந்தால் பருப்பு மலராது. இந்த ஊர்த் தண்ணீர் எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைப் போலச் சுண்ணாம்பு கூடியது. அதனால் கடலை ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுவது இங்கே பழைய வழக்கம். உன் வீட்டிலும் கடலை வேகாமல் அடம்பிடித்தால் செய்துபார். சிவப்புப் போஞ்சி விதையை மட்டும் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பத்து நிமிஷமாவது நன்றாகக் கொதிக்கவிடு. அரைவேக்காட்டில் அது வயிற்றைக் கெடுக்கும்.

இன்னொன்று முக்கியம். ஃபாவா வாங்குவதற்கு முன் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஜி6பிடி என்ற பரம்பரை நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று விசாரி. அது உள்ளவர்கள் ஃபாவா சாப்பிட்டால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகிவிடும், பச்சை ஃபாவாவென்றால் இன்னும் மோசம். மலேரியா பரவியிருந்த நாடுகளில்தான் இந்தக் குறைபாடு கூட, ஏனென்றால் அது மலேரியாவிலிருந்து ஓரளவு காத்தது. சிசிலியும் அப்படிப்பட்ட இடம், எங்கள் நாடும் அப்படித்தான். ஆண் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக வரும், ஆகவே தம்பிக்கும் சேர்த்துக் கேள்.

தோல் நீக்கிய காய்ந்த ஃபாவா உங்கள் பக்கத்து அரபுக் கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கும். சால்மனுக்குக் கொடுக்கிற காசில் ஒரு மாதத்துப் பருப்பு வாங்கலாம். கிழமையில் நாலு நாள் இப்படிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த இரத்தப் பரிசோதனை முடிவை எனக்கு எழுது. உஸ்திக்காவில் ஜூனில் அறுவடை. புதுப் பருப்பு சந்தைக்கு வந்ததும், இங்கிருந்து யாராவது கனடா வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சாந்தினி