நோட்டில் என் பெயரை எழுதுங்கள்

நெல் கொள்முதல் நிலையப் பட்டியல் எழுத்தருக்கும் சுமைதூக்கும் தோழர்களுக்கும்,

வணக்கம். சம்பா நெல்லைக் கொட்டிவிட்டு நான்கு இரவு தார்ப்பாய்க்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் எழுதுகிறேன். ஐந்தாம் நாள் ஈரப்பதம் பார்த்தீர்கள், 17 சதவீதத்துக்குள் இருந்தது, எடை போட்டீர்கள். அதிலெல்லாம் எனக்குக் குறையில்லை. மூட்டைக் கணக்கைச் சரிபார்க்க மேசையருகே வந்தபோது உங்கள் கைநோட்டு திறந்து கிடந்தது. 'நொண்டி – 62' என்று நீல மையில் எழுதியிருந்தது. மேல்வரியில் இருந்தவருக்கு இனிஷியலோடு பெயர். தராசுப் பக்கமிருந்து "நொண்டி மூட்டை முடிந்ததா?" என்று சற்று முன் கேட்ட குரலும் என் நெல்லைப் பற்றித்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

பட்டப்பெயரே கூடாது என்கிற ஆள் இல்லை நான். எங்கள் தெருவில் மட்டும் முருகையன்கள் நான்கு பேர். மூக்குப்பொடி முருகையன், சிங்கப்பூர் முருகையன் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் தபால்காரர் திண்டாடிப்போவார். என் தாத்தாவைச் 'சுருட்டு' என்று கூப்பிட்டால் அவரே சிரித்துக்கொண்டு திரும்புவார். உங்களில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் 'அண்ணே' என்கிறீர்கள். நான் நகர்ந்த பிறகுதான் நொண்டி.

போலியோவில் சூம்பிய கால் இது. பள்ளியில் இதே சொல்லுக்காக அழுதபோது, கல்லணை கட்டிய கரிகாலனுக்கும் தீயில் கருகிய காலால் வந்த பெயர்தான் என்று சொல்வார்கள் என வாத்தியார் தேற்றினார். நல்ல மனிதர். ஆனால் சோழனின் பெயரில் நெருப்பிலிருந்து தப்பிய கதை இருக்கிறது. எனக்கு நீங்கள் வைத்த பெயரில் என் நடை மட்டும்தான் இருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. அதைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையம் போகும் எண்ணம் எனக்கில்லை. வெயிலில் 40 கிலோ சிப்பத்தை முதுகில் ஏற்றுகிறவர்களோடு வழக்காடிவிட்டு அடுத்த அறுவடையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

குறுவைக்கு வருவேன். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் என்று நீங்கள் கேட்கிற எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. ஏதாவது ஒன்றைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.